பெண்களை எண்ணக் கற்றவர்கள்

பட்டறை என்ற சொல்லைக் கேட்டதும் போர்ட் பிளேர் தமிழருக்கு நினைவு வருவது பீனிக்ஸ் பேயில் கப்பல்களைப் பழுது பார்க்கும் பணிமனையும், 1883-ஆம் ஆண்டு தொடங்கிய சாத்தம் மரம் அறுக்கும் ஆலையும்தான். (2024 செப்டம்பரில் ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது. ஆனால் கப்பல் டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்பவர் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது.) கை வேலை தெரிந்தவன் புதிதாக வந்தவனுக்குச் சொல்லிக் கொடுக்கும் இடம் அது. ரம்பத்தை எப்படிப் பிடிப்பது, இரும்பு எந்தச் சூட்டில் வளையும் என்பதையெல்லாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது.

இதே பெயரில் வேறொரு பட்டறையும் நம் நாட்டில் நாற்பது ஐம்பது ஆண்டுகளாக நடந்து வருகிறது. அங்கே ரம்பமும் இல்லை, உலையும் இல்லை. கல்லூரி ஆசிரியைகளும் ஆராய்ச்சி மாணவிகளும் ஒரு கேள்வித்தாளை நடுவில் வைத்துக்கொண்டு நாள் முழுவதும் விவாதிப்பார்கள். பெண்களின் வாழ்க்கையை ஆராயும் சமூகவியல்காரர்களுக்கான தொழிற்பயிற்சி அது. "படித்தவர்களுக்கு எதற்குப் பயிற்சி?" என்று கேட்கலாம். அதற்கு விடை தெரிய வேண்டுமானால் முதலில் இந்தத் தீவுகளின் கணக்கைப் பார்க்க வேண்டும்.

318 பேர்

1901-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அந்தமான் நிக்கோபாரில் ஆயிரம் ஆண்களுக்கு 318 பெண்களே இருந்தனர். காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. 1858-ல் வெள்ளையர் இங்கே அமைத்தது கைதிகளின் குடியேற்றம். கைதிகளில் பெரும்பாலோர் ஆண்கள். பெண் கைதிகளும் கொண்டுவரப்பட்டார்கள். குறிப்பிட்ட காலம் கழிந்ததும், நன்னடத்தை உள்ள ஆண் கைதியை மணந்துகொள்ள அவர்களுக்கு அனுமதி கொடுத்தார்கள். அவர்கள் வழி வந்தவர்களே இன்று 'லோக்கல் பார்ன்' என்று அழைக்கப்படுகிறவர்கள். அந்தப் பெண்களைப் பற்றி சர்க்கார் தஸ்தாவேஜுகளில் குற்றம், தண்டனை, திருமணத் தேதி எல்லாம் இருக்கின்றன. அவர்கள் என்ன வேலை செய்தார்கள், என்ன நினைத்தார்கள் என்பதைத் தேடினால் சொற்பமே கிடைக்கிறது.

சுதந்திரத்துக்குப் பின் அகதிகள் வந்தார்கள், ராஞ்சித் தொழிலாளர் வந்தார்கள், தமிழர்களும் வந்தார்கள். ஆண் முதலில் வந்து கால் ஊன்றி, பிறகு மனைவி மக்களை அழைத்துக்கொள்வதே எங்கும் உள்ள வழக்கம். ஆகவே 1961-ல்கூட ஆயிரத்துக்கு 617 பெண்கள்தான். 1971-ல் 644, 1981-ல் 760, 1991-ல் 818, 2001-ல் 846, 2011-ல் 876. ராமநாதபுரத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் மூன்று நாள் கப்பல் பயணம் செய்து, கையில் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கிய மனைவிமார்களின் வரலாறு முழுவதும் இந்த ஒரு வரி எண்களுக்குள் அடங்கியிருக்கிறது. சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பி, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களின் பெண்களும் இதற்குள்தான் இருக்கிறார்கள்.

டில்லியில் ஓர் அதிர்ச்சி

தீவுகளில் பெண்களின் விகிதம் ஏறிக்கொண்டிருந்த அதே காலத்தில் நாடு முழுவதும் அது இறங்கிக்கொண்டிருந்தது. 1901-ல் ஆயிரம் ஆண்களுக்கு 972 பெண்கள் இருந்த இந்தியாவில் 1971-ல் 930 பெண்களே இருந்தனர். இதை எல்லோருக்கும் எடுத்துக்காட்டியது, பெண்களின் நிலையை ஆராய 1971-ல் மத்திய அரசு நியமித்த குழு. பூல்ரேணு குஹா தலைவர். வீணா மஜும்தார் உறுப்பினர் - செயலர். 'சமத்துவத்தை நோக்கி' என்ற அதன் அறிக்கை 1974-ல் வெளிவந்தது.

அறிக்கையின் முடிவுகள் அரசைவிட அதை எழுதியவர்களையே அதிகம் உலுக்கின. அவர்களில் பலர் வருடக்கணக்காகக் கல்லூரிகளில் பாடம் நடத்தியவர்கள். தாங்கள் கற்றுக்கொடுத்த சமூக இயலில் கிராமத்துப் பெண், கூலிப் பெண், மீன்காரி எவரும் இல்லை என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. இந்த அனுபவம் தமது வாழ்க்கையையே திருப்பிவிட்டது என்று வீணா மஜும்தார் பிற்காலத்தில் எழுதினார். கற்றவர்கள் தங்கள் அறியாமையைப் பகிரங்கமாக ஒப்புக்கொள்வது அபூர்வம். அந்த வகையில் இவர்களைப் பாராட்ட வேண்டும்.

அதே 1974-ல் பம்பாயில் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தில், சமூகவியல் பேராசிரியை நீரா தேசாய் பெண்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கென்று தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். 1981 ஏப்ரலில் அங்கேதான் முதல் தேசிய மகளிரியல் மாநாடு கூடியது. அதன் பயனாக 1982-ல் இந்திய மகளிரியல் சங்கம் பிறந்தது. இரண்டாவது மாநாடு 1984-ல் திருவனந்தபுரத்தில் நடந்தது. 2017 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் சங்கத்தின் மாநாடு கூடியது. கட்டுரை படித்துவிட்டுக் கலைவதோடு நில்லாமல், மாநாட்டுக்கு முன்னதாக இளம் ஆய்வாளர்களை உட்கார வைத்துப் பயிற்சி கொடுக்கும் வழக்கமும் ஏற்பட்டது. தமிழ்நாட்டில் 1984-ல் கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. தமிழர் என்ற முறையில் இன்னொன்றையும் குறிப்பிடலாம். 'அம்பை' என்ற பெயரில் சிறுகதை எழுதும் சி.எஸ். லட்சுமி, 1988-ல் பம்பாயில் 'ஸ்பாரோ' என்ற பெண்கள் ஆவணக் காப்பகத்தை நிறுவினார். நீரா தேசாயும் மைத்ரேயி கிருஷ்ணராஜும் அவருக்குத் துணை நின்றார்கள். பெண்கள் வாய்மொழியாகச் சொல்லும் வாழ்க்கையைப் பதிவு செய்வது எப்படி என்பதற்கு அங்கே பல பட்டறைகள் நடந்திருக்கின்றன.

அமெரிக்காவில் இத்தகைய முயற்சி இன்னும் சற்று முன்னதாகவே ஆரம்பித்தது. 1969-ல் அந்நாட்டுச் சமூகவியல் சங்கத்தின் கூட்டத்தில், பல்கலைக்கழகங்களில் பெண்களுக்கு நேரும் பாரபட்சத்தைப் பற்றி ஆலிஸ் ரோஸி தீர்மானங்களைக் கொண்டுவந்தார். 1971-ல் பெண் சமூகவியலாளர்களுக்கென்று தனி அமைப்பு ஏற்பட்டது. வேலைக்கு விண்ணப்பம் எழுதுவது, கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்புவது, பதவி உயர்வுக்கு வாதாடுவது போன்றவற்றை மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இதெல்லாம் சில்லறை விஷயம் என்று தோன்றும். ஆனால் ஆபீஸில் முதல் நாள் நோட் ஷீட் எழுதக் கற்றுக் கொடுத்த தலைமை எழுத்தரை எந்தக் குமாஸ்தாதான் மறப்பார்?

"சும்மாதான் இருக்கிறேன்"

பட்டறையில் என்னதான் கற்றுக் கொடுக்கிறார்கள்? ஓர் உதாரணம் போதும்.

ஜங்லிகாட்டில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். கணக்கெடுப்பவர் வருகிறார். கணவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். "வீட்டம்மா வேலை பார்க்கிறாங்களா?" என்று கேள்வி. "இல்லீங்க, அவ வீட்டுல சும்மாதான் இருக்கா" என்று கணவரே பதில் சொல்லிவிடுகிறார். அந்த அம்மாள் கதவோரத்தில் நின்று தலையாட்டுகிறார். விடியற்காலையில் எழுந்து தண்ணீர் பிடித்து, கணவர் கொண்டுவந்த மீனைத் தரம் பிரித்து, மிஞ்சியதை உப்புப் போட்டுக் காயவைத்து, ஆட்டுக்குத் தழை ஒடித்து, மாலையில் கருவாட்டைக் கூடையில் வைத்து நாலு தெரு சுற்றி விற்றுவிட்டு வருகிறவர் அவர். ஆனால் தாளில் விழுவது 'வேலை இல்லை' என்பதுதான்.

இது வெறும் கற்பனை அல்ல என்பதற்கு மக்கள்தொகைக் கணக்கே சாட்சி. 1961-ல் இந்தியாவில் சுமார் 6 கோடிப் பெண் தொழிலாளர்கள் என்று கணக்கு வந்தது. பத்தே ஆண்டுகளில், 1971-ல், அது சுமார் 3 கோடியாகச் சுருங்கியது. மூன்று கோடிப் பெண்கள் வேலையை விட்டுவிட்டார்களா? அதில் பெரும் பகுதி, கேள்வி மாறியதன் விளைவு. 1961-ல் பருவகாலத்தில் தினம் ஒரு மணி நேரம் வயலில் பாடுபட்டாலும் தொழிலாளி என்று எழுதினார்கள். 1971-ல் 'முக்கிய வேலை எது?' என்று கேட்டார்கள். எந்தப் பெண்ணும் 'சமையல், பிள்ளை' என்றுதானே முதலில் சொல்வாள்? எழுதியாயிற்று, 'இல்லத்தரசி' என்று. வயலும் மாடும் கருவாடும் அந்தச் சொல்லுக்குள் மறைந்துபோயின.

பெண் ஆய்வாளர்கள் இதைச் சும்மா விடவில்லை. 1976-77-ல் தேவகி ஜெயின் குழுவினர் ராஜஸ்தானத்திலும் மேற்கு வங்காளத்திலும் கிராமத்து வீடுகளில் உட்கார்ந்து, ஆணும் பெண்ணும் ஒவ்வொரு மணி நேரத்தையும் எப்படிச் செலவிடுகிறார்கள் என்று குறித்தார்கள். தொழிலாளி அல்ல என்று கணக்கில் ஒதுக்கப்பட்டிருந்த பெண்கள் வேலை செய்துகொண்டே இருப்பதைக் கண்ணால் கண்டார்கள். இத்தகைய ஆய்வுகளும் மகளிர் அமைப்புகளின் வற்புறுத்தலும் சேர்ந்து, 1991 கணக்கெடுப்பில் கேள்வியையே மாற்ற வைத்தன. வயலிலோ குடும்பத் தொழிலிலோ கூலியின்றிச் செய்யும் வேலையும் வேலைதான் என்ற வாசகம் கேள்வியிலேயே சேர்ந்தது. ஒரு வாசகத்தை மாற்ற இருபது வருடம் பிடித்தது.

ஆகவே பட்டறையில் முதல் பாடம், கேள்வியைக் கேட்கும் விதம்தான். "வேலை பார்க்கிறீர்களா?" என்று கேட்காதே. "காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்? அப்புறம் என்ன செய்தீர்கள்? அதற்கு அப்புறம்?" என்று கேள். கணவரோ மாமியாரோ பக்கத்தில் இருந்தால், வேறு பேச்சுப் பேசி, அவர் எழுந்து போகும்வரை காத்திரு. அவள் சொன்ன ரகசியத்தைப் பெயரோடு எழுதாதே. சொல்ல மறுத்தால் வற்புறுத்தாதே. இவை கேட்பதற்கு எளிதாக இருக்கின்றன. பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் திருத்தாமல் இவை கைவருவதில்லை.

இரண்டு கடல்கள், இரண்டு பெண்கள்

தீவு வாழ்க்கைக்கும் இந்த இயலுக்கும் பழைய உறவு உண்டு. மானிடவியல் அறிஞர் லீலா துபே (1923-2012) எழுதிப் புகழ்பெற்ற நூல் நம் மேற்குக் கடலில் உள்ள லட்சத்தீவுகளைப் பற்றியது. அங்கே கல்பேனித் தீவில் முஸ்லிம்களிடையே சொத்து தாய்வழியாக வருகிறது. மணமான பிறகும் பெண் தன் தறவாட்டிலேயே இருப்பாள். கணவன் இரவில் வந்து காலையில் தன் தாய்வீடு திரும்புவான். 'குடும்பத் தலைவர் பெயர்' என்று ஒரு கட்டம் போட்ட படிவத்தோடு அந்தத் தீவில் போய் இறங்குகிறவர் என்ன எழுதுவார்? 1969-ல் வெளியான அந்த நூல் இந்தச் சிக்கலை விரிவாகப் பேசியது. 1986 ஆகஸ்டில் உலகச் சமூகவியல் மாநாடு புது டில்லியில் நடந்தபோது, பெண்களைப் பற்றிய அமர்வுகளில் ஆராய்ச்சியாளர்களோடு களப்பணி செய்யும் பெண்களையும் அழைத்து வந்து பேச வைத்ததில் லீலா துபேக்குப் பெரும் பங்கு உண்டு.

கிழக்குக் கடலில், நம் தீவுகளில், இந்திய மானிடவியல் ஆய்வு நிறுவனத்தின் கிளை 1951 முதல் போர்ட் பிளேரில் இயங்குகிறது. மதுமாலா சட்டோபாத்யாய் கல்கத்தாவில் மானிடவியல் படித்து இங்கே ஆராய்ச்சிக்கு வந்தவர். ஒங்கே, ஜாரவா, நிக்கோபாரி மக்களிடையே ஆறாண்டுகள் பணியாற்றினார். அபாயமான பழங்குடிகளிடம் பெண்ணை அனுப்புவதில் அதிகாரிகளுக்குத் தயக்கம் இருந்தது. உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் நஷ்டஈடு கேட்பதில்லை என்று அவரும் பெற்றோரும் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்ததாம்.

1991 ஜனவரி 4-ஆம் தேதி வடக்கு சென்டினல் தீவின் கரையோரம் சென்ற குழுவில் அவர் இருந்தார். படகிலிருந்து தேங்காய்களை மிதக்க விட்டார்கள். சென்டினல் ஆண்கள் தண்ணீரில் இறங்கி வந்து எடுத்துக்கொண்டார்கள். திடீரென்று ஓர் இளைஞன் வில்லை வளைத்தபோது, கரையில் நின்ற ஒரு சென்டினல் பெண் அவனைத் தள்ளிவிட்டாள். அம்பு தண்ணீரில் விழுந்தது. அன்றே மறுபடியும் தேங்காயோடு சென்றபோது அவர்கள் படகைத் தொடும் அளவுக்கு நெருங்கி வந்தார்கள். அதுவரை ஆண்களாகவே சென்று வந்த குழுக்களில் ஒரு பெண் சேர்ந்ததும் எதிரில் இருந்தவர்களின் போக்கு மாறியது என்று பலர் கருதுகிறார்கள். அது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. வில்லை வளைத்தவனைத் தள்ளிவிட்டது ஒரு பெண் என்பது வரை நிச்சயம். அத்தகைய பயணங்களைப் பின்னர் நிர்வாகம் நிறுத்திவிட்டது. வெளியாரின் நோய் அம்மக்களை அழித்துவிடக்கூடும் என்பதால் அதுவே சரியான முடிவு.

யாருக்கு நிவாரணம்?

தவறாக எண்ணினால் என்ன ஆகும் என்பதை 2004 டிசம்பர் 26 காட்டியது. ஆழிப்பேரலையில் நிக்கோபார் தீவுகள் சிதைந்தன. நிக்கோபாரி மக்கள் 'துஹெட்' எனப்படும் பெரிய கூட்டுக் குடும்பமாக வாழ்கிறவர்கள். தென்னந்தோப்பும் பன்றியும் துஹெட்டுக்குச் சொந்தம். உழைப்பும் சாப்பாடும் பொது. மெயின்லாண்டிலிருந்து வந்த நிவாரணப் படிவத்திலோ கணவன், மனைவி, பிள்ளைகள் என்ற சிறு குடும்பம்தான் இருந்தது. வீடும் பணமும் அந்தக் கணக்கில் வழங்கப்பட்டன. பேரலைக்குத் தப்பிய கூட்டுக் குடும்பங்களில் விரிசல் கண்டது என்று அங்கே சென்று வந்த ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். படிவம் தயாரித்தவர்களிடம் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. 'குடும்பம் என்றால் யார்?' என்று கேட்கப் பழகாததால் வந்த வினை இது.

கப்பலும் கேபிளும்

இவ்வளவு அவசியமான பயிற்சி இந்தத் தீவுகளுக்கு எட்டுவது சுலபமாக இல்லை. 1986-ன் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு, கல்லூரி ஆசிரியர்களுக்கென்று பல்கலைக்கழகங்களில் பயிற்சிக் கல்லூரிகள் திறந்தார்கள். நெடுங்காலம் புத்தொளிப் பயிற்சி மூன்று வாரமாகவும், தொடக்கப் பயிற்சி நான்கு வாரமாகவும் இருந்தன. பதவி உயர்வுக்கு இவற்றின் சான்றிதழ் தேவை. மகளிரியலுக்கும் இத்தகைய பயிற்சிகள் உண்டு. பெயருக்குக் கூட்டி, டீயும் சமோசாவும் சான்றிதழும் கொடுத்து அனுப்பும் பட்டறைகளும் இல்லாமல் இல்லை.

தீவுகளின் கல்லூரிகள் நெடுங்காலம் இணைந்திருந்தது 1985-ல் ஏற்பட்ட புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தோடு. நடுவில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடல். மூன்று வாரப் பயிற்சிக்குப் போக வேண்டுமானால் கப்பலில் இடம் கிடைக்க வேண்டும். திரும்பவும் கிடைக்க வேண்டும். லீவு 'சாங்ஷன்' ஆக வேண்டும். மூன்று வாரப் பயிற்சி ஒரு மாதத்துக்கு மேல் இழுக்கும். ஆண் ஆசிரியர் இதைச் சமாளித்துவிடுகிறார். ஆசிரியைக்குக் கேள்வியே வேறு: பிள்ளைகளுக்கு யார் சமைப்பது? வீட்டு வேலை யார் தலையில் விழுகிறது என்று ஆராய்வதற்கான பட்டறைக்கு, அதே வீட்டு வேலை காரணமாகப் போக முடியாமல் இருப்பதை என்னவென்று சொல்வது!

சென்னையிலிருந்து கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்ட கேபிள் 2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி பயன்பாட்டுக்கு வந்தது. கொரோனா காலத்தில் இந்தப் பயிற்சிகளும் கம்ப்யூட்டர் திரைக்கு மாறின. கப்பலுக்குக் காத்திராமல், போர்ட் பிளேரில் இருந்தபடியே தில்லி வகுப்பில் சேர முடிகிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வகுப்புக் கேட்பது வேறு விஷயம்.

விட்டுப்போன கிராமங்கள்

2019-ல் தேசியப் புள்ளியியல் அலுவலகம், ஒருவர் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார் என்று நாடு தழுவி ஆய்வு நடத்தியது. வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் தினம் 299 நிமிடங்கள் அதில் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடங்கள் என்று தெரிந்தது. 2024-ல் மறுபடியும் எடுத்தபோது பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. பெண்களின் நேரம் பத்து நிமிடம் குறைந்ததே என்று சந்தோஷப்படுவதற்குள் ஆண்களுடையதும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது.

2019 அறிக்கையில் ஆய்வு எங்கெங்கே நடந்தது என்று சொல்லும் இடத்தில் ஒரு வாசகம் இருக்கிறது. இந்திய யூனியன் முழுவதும் ஆய்வு நடந்ததாகவும், எளிதில் சென்றடைய முடியாத அந்தமான் நிக்கோபார்க் கிராமங்கள் மட்டும் விலக்கு என்றும் அது சொல்கிறது. காஷ்மீரும் அருணாசலமும் சேர்ந்திருக்கும் கணக்கில், தோணியில் உப்பங்கழி தாண்டிப் போக வேண்டிய நம் கிராமத்துப் பெண்ணின் நாள் மட்டும் சேரவில்லை.

2021-ல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போயிற்று. 2027 மார்ச் 1-ஆம் தேதியை அடிப்படையாகக் கொண்டு அது நடைபெறும் என்று 2025 ஜூனில் அரசு அறிவித்தது. இதில் அத்தகைய கிராமங்களுக்கு விலக்குக் கிடையாது; அங்கேயும் ஆள் போக வேண்டும். வீடு வீடாகப் போகிறவர்கள் பல்கலைக்கழக அறிஞர்கள் அல்லர். பள்ளி ஆசிரியர்கள், சர்க்கார் ஆபீஸ் எழுத்தர்கள். இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களிலும் சிலருக்கு அந்த உத்தரவு வரக்கூடும். அவர்களுக்கும் சில நாள் பயிற்சி உண்டு. வகுப்பு முடிந்து, கையில் படிவத்தோடோ செல்போனோடோ டெலானிப்பூரிலோ டிக்லிப்பூரிலோ ஒரு வீட்டு வாசலில் போய் நிற்கும்போது, திண்ணையில் இருப்பவரே முதலில் பதில் சொல்லத் தொடங்குவார். கதவோரத்தில் நிற்கும் அம்மாளைப் பார்த்து, "காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீங்கம்மா?" என்று கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது.